ஆட்டக் கம்பி

கொல்லைப்புற மதிலை இடித்துக் கட்ட வந்த கொத்தனார் முல்லைக்கொடியைப் பக்குவமாக அவிழ்த்து ஓரமாகப் போட்டார். அதுவரைக்கும் சரி. பிறகு, அந்தக் கொடி இத்தனை வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்த இரும்புக் கம்பியை மண்ணிலிருந்து பிடுங்கி, நிமிர்த்தி, புதுப் பில்லருக்குள் செருகிவிடலாம் என்று கணக்குப் போட்டார். விரல் பருமனில், இரண்டு முனைகளும் ஒரே பக்கமாக மடங்கிய நீளக் கம்பி அது. ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்து இழுத்தார். கம்பி கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு, பிடி தளர்ந்ததும் பழையபடி துள்ளி, அவர் முட்டியிலேயே ஒரு போடு போட்டது. "இன்னாமா கம்பி இது, சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது" என்றார் முட்டியைத் தேய்த்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என் மாமனாருடைய கம்பி, அவரும் யார் பேச்சையும் கேட்டவரில்லை என்று சொன்னேன்.

நான் மருமகளாக மாடம்பாக்கத்துக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். மாமனார் ஓர் ஆபீஸில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஒல்லியான மனிதர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற வாய். இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு ஊதாரித்தனம் செய்திருந்தார். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் தன்னுடைய பழைய அமெரிக்கக் காரை யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் தலையை நீட்டியிருக்கிறார். வெளிறிய பச்சை நிறத்தில், எங்கள் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் அது. தெருப் பிள்ளைகள் அதைக் கப்பல் என்றார்கள். பெயர் பொருத்தம்தான். உள்ளே மெத்தென்றிருக்கும், குண்டும் குழியுமான மண்ரோட்டில் தொட்டில் மாதிரி போகும், ஆனால் தார் ரோட்டில் வேகமெடுத்து ஒரு வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வழுவழுப்பான சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரு கதவோரமாகக் குவிவார்கள். குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போகிற நாட்களில் என் அத்தை, அதாவது மாமியார், மலை கண்ணில் படுவதற்கு வெகு முன்பே முருகா முருகா என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் காலத்து வழக்கப்படி மாமனார் என்னோடு நேராகப் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். காபி வேண்டுமா என்று அவரிடம் கேட்க வேண்டுமென்றால் அத்தையிடம் கேட்பேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் அத்தையிடமே பதில் சொல்வார். இதில் எங்கள் மூவருக்குமே எந்தச் சிரமமும் இருந்ததில்லை. கஷ்டமெல்லாம் வேறு விஷயத்தில் இருந்தது. கல்யாணமான பிறகு எனக்கு இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. பேசியிருந்தால்கூடப் பதிலுக்குச் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். மூன்றாவது முறை உண்டானபோது எழும்பூரில் ஒரு பெரிய டாக்டரிடம், எங்கள் கார் சாயுமே என்று பயந்து, டாக்சி வைத்துப் போனோம். மாதாமாதம் தன்னிடம் வந்து காட்ட வேண்டும், பஸ்ஸும் ரயிலும் கூடாது, எதில் வந்தாலும் உடம்பு அலுங்காமல் வர வேண்டும் என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர் இதை அப்பாவிடம் ஒப்பித்தார். மாமனார் ம் என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் நான் கோலம் போட வாசலுக்கு வந்தபோது காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

கார் ஏன் சாய்கிறது என்பதை அவர் அத்தைக்கு விளக்கியதைக் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே நானும் கேட்டேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு உரக்கப் பேசினார் என்று இப்போது தோன்றுகிறது. காருக்கு அடியில், முன்பக்கத்தில், குறுக்காக ஒரு கம்பி இருக்கிறது. அதன் ஒரு முனை இடது சக்கரத்தோடும் மறுமுனை வலது சக்கரத்தோடும் சேர்ந்திருக்கும். வளைவில் கார் ஒரு பக்கம் சாயப் பார்த்தால் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கு விடுபடப் பார்க்கிற பலத்தில் வண்டியை நிமிர்த்தும். மெக்கானிக்குகள் அதை ஸ்வே பார் என்பார்கள். மாமனார் ஆட்டக் கம்பி என்றார். நம் வண்டியில் இருப்பது போதாது, இதைவிடத் தடியாகப் போட வேண்டும் என்று முடித்தார். அத்தை ஒன்றும் அசந்துவிடவில்லை. "கைக்குட்டைய முறுக்கறது சுலபம், ஜமுக்காளத்த முறுக்க ரெண்டு ஆள் வேணும். இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார் துணியைப் பிழிந்துகொண்டே.

ஜமுக்காளத்தைத் தேடி மாமனார் புதுப்பேட்டைக்கு அலைந்தார். உடைத்துப் போட்ட வண்டிச் சாமான்களுக்கு நடுவில், இதைவிடக் கனமான ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய கட்டைவிரல் பருமன் கம்பி ஒன்று கிடைத்தது. பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து, அதைப் பிடித்துக்கொள்ளக் கிளாம்பும், சக்கரத்தோடு சேர்க்க இணைப்பும் செய்யவைத்தார். பழைய கம்பியைக் கொண்டுவந்து கொல்லையில் போட்டார். பிறகு ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு, தனியாகக் காரை ஓட்டிப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்படியொரு முகத்தோடு திரும்பி வந்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பின் சீட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, கத்திப்பாரா ரவுண்டானாவைச் சுற்றி வந்தாராம். சீட்டு நனையவே இல்லையாம்.

ஆனால் அந்தச் சொம்பைக் காலியாகத்தான் வீட்டிலிருந்து எடுத்துப் போயிருக்கிறார். கேம்ப் ரோடு முனையில், மண்ரோடு முடிந்து தார் ரோடு ஆரம்பிக்கிற இடத்து டீக்கடையில் தண்ணீர் பிடித்திருக்கிறார். மாடம்பாக்கத்து மண்ரோட்டில் எந்த வண்டியில் போனாலும் தண்ணீர் தளும்பத்தானே செய்யும், அங்கே என்ன சோதனை என்று அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் எவரும் இதே தப்பைத்தான் செய்திருப்பார். அந்த ரோட்டை ரோடு என்றே யாரும் நினைப்பதில்லை.

டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய அன்று, தெருமுனை தாண்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் முன்பெல்லாம் அந்தப் பக்கம் மட்டும் மெதுவாக அமுங்கி எழும். இப்போது தடிக்கம்பி இரண்டு சக்கரங்களையும் சேர்த்துக் கட்டிவிட்டதால், ஒரு பக்கம் விழுந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து இழுத்தது. வண்டி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெடுக்வெடுக்கென்று ஆட்டியது. என் அடிவயிற்றில் பழக்கமான ஒரு வலி சுருக்கென்றது. இந்த முறையும் போயிற்று என்றே நினைத்துவிட்டேன். மாமனாரிடம் வயிற்றைப் பற்றி எப்படி வாய் திறப்பது? சீட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். "நிறுத்துங்க. உங்க கம்பி அவளத் தூக்கிப் போடுது" என்றார்.

மாமனார் நிறுத்தினார். இறங்கி, முன்பக்கம் போய், சக்கரம் பள்ளத்தில் நிற்பதைப் பார்த்தபடி நின்றார். கண்ணாடிக்கு வெளியே அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. அவ்வளவு பயத்தை ஓர் ஆண்பிள்ளை முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் பயம் அவருக்கும் இருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு காரை மாட்டுவண்டிகளே முந்திப் போகிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றார். வெளியே வந்து அத்தை அதைச் சொன்னதும், அவர் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பழைய கம்பியையே திரும்ப மாட்டியிருக்கலாம். அதற்கு அவர் ஒப்பவில்லை. மண்ரோட்டுக்கு ஒரு நியாயம், தார் ரோட்டுக்கு ஒரு நியாயம் என்று அத்தையிடம் சொன்னார். பட்டறையில் திரும்ப உட்கார்ந்து, கம்பியின் ஒரு முனையைச் சக்கரத்தோடு சேர்க்கிற போல்ட்டை எடுத்துவிட்டு, கையாலேயே உருவிச் செருகுகிற மாதிரி ஒரு பின் செய்யச் சொன்னார். மண்ரோட்டில் பின் இருக்காது. அவிழ்ந்த முனை தொங்காமல் வாரால் கட்டியிருக்கும். சக்கரங்கள் தனித்தனியே இறங்கி ஏறி, கார் பழையபடி தொட்டிலாகப் போகும். டீக்கடை வந்ததும், சமதரையாகப் பார்த்து நிறுத்தி, கோணியை விரித்து அடியில் போய்ப் பின்னைச் செருகுவார். திரும்பி வரும்போது அதே இடத்தில் உருவுவார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் நடுரோட்டில் காருக்கு அடியில் போவதை வேடிக்கை பார்க்கவே டீக்கடையில் ஆள் சேரும். "இன்னா சார், வண்டிக்கு ஊசி போட்டுகினு கீறியா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார். ஆமாம்ப்பா, மாசாமாசம் போடச் சொல்லியிருக்காங்க என்று மாமனார் அடியிலிருந்தே பதில் சொன்னார். நானும் அத்தையும் உள்ளே உட்கார்ந்து சிரித்தோம்.

எப்படி இருக்கிறாய் என்று அவர் ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "ஆட்டம் தெரிஞ்சுதான்னு கேளு" என்பார் அத்தையிடம். தெரியலையாம் என்று அத்தை சொல்வார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

வலி கண்ட அன்று காலையில் நல்ல மழை. மண்ரோடு முழுக்கச் சேறு. டீக்கடை வந்ததும் வண்டி நின்றது. இன்னைக்கு அதெல்லாம் வேண்டாம், ஓட்டுங்க என்று அத்தை கத்தினார். அவர் காதில் வாங்கவே இல்லை. கோணியைக்கூட எடுக்காமல் அப்படியே தேங்கிய தண்ணீரில் படுத்து அடியில் போனார். மருமகள் இங்கே உயிர் போகிற மாதிரி துடிக்கிறாள், இந்த மனுஷன் கம்பி மாட்டிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முதுகெல்லாம் சேறு வழிய ஏறி உட்கார்ந்து, அதன்பிறகு ஓட்டினார் பாருங்கள், அந்தக் கப்பலை அவ்வளவு வேகமாக நான் பார்த்ததில்லை. மீனம்பாக்கத்து வளைவிலும் கத்திப்பாராவிலும் நான் சீட்டில் வைத்த இடத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டிரைவரெல்லாம் வெளியில நில்லுப்பா என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் வெளியில் நின்றார். என் மகள் பிறந்து, தாத்தா யார் என்று கேட்டு நர்ஸ் குழந்தையை நீட்டியபோதும், கையெல்லாம் அழுக்கு என்று பின்னால் நகர்ந்துகொண்டாராம். அத்தை இதைச் சொன்னபோது படுக்கையில் கிடந்தபடி நான் அழுதேன்.

பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் கார் கைமாறியது. தடிக்கம்பி அதோடு போய்விட்டது. வாங்க வந்தவருக்கு மாமனார் தரையில் படுத்து அந்தப் பின்னைக் காட்டினார். அவர் சும்மா தலையாட்டினார். கொல்லையில் கிடந்த பழைய கம்பியை அத்தை முல்லைக்கொடிக்கு நட்டார். பிறகு அத்தை போனார். அதற்குப் பின்னும் மாமனார் ரொம்ப நாள் இருந்தார். பேத்தியோடு வாய் ஓயாமல் பேசுவார். என்னோடு மட்டும் அதே பழைய வழக்கம், நடுவில் ஆள் வேண்டும். அத்தை இருந்த இடத்தில் பேத்தி இருந்தாள்.

அவரைக் கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வேனில் கொண்டுவந்தோம். அப்போது மண்ரோடு தார் ரோடாகியிருந்தது, பள்ளங்களுக்குப் பதிலாக வேகத்தடைகள். டீக்கடை இருந்த இடம் தாண்டியதும் வேன் முதல் தடையில் தூக்கிப் போட்டது. அவர் தலை ஒரு பக்கமாக ஆடியது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தம்பி, மெதுவாகப் போங்கள், அலுங்கக் கூடாது என்றேன். அவருக்கு இனிமே என்னம்மா தெரியப்போவுது என்றார் டிரைவர், பாவம், நல்ல எண்ணத்தில்தான். எனக்குத் தெரியும், மெதுவாகப் போங்கள் என்றேன். வீடு வந்து, எல்லோரும் இறங்கிய பிறகு, நான் மட்டும் கொஞ்சம் குனிந்தேன். நடுவில் யாரும் இல்லை. "ஆட்டம் தெரிஞ்சுதா மாமா?" என்று கேட்டேன்.

கொத்தனாரிடம் கம்பியைப் பழைய இடத்திலேயே நடச் சொன்னேன். நூல் பிடித்தால் சுவர் சரியாக அதன் மேல்தான் வருகிறது, ஒண்ணும் பண்ண முடியாதுமா என்று தலையைச் சொறிந்தார். அப்படியானால் சுவரை வளைத்துக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் மதில் நேராக வந்து, முல்லைக்கொடி இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் உள்ளே ஒதுங்கி, மறுபடி நேராகப் போகிறது.