மூடியைத் தூக்கிய மாவு

மழைக்கு என் வீட்டுக்காரர் கம்பெனி லீவு விட்டிருந்த ஒரு நாள், வீட்டிலேயே ரொட்டி சுடணும்னு எனக்குக் கிறுக்குப் பிடிச்சது. ஈஸ்டை வெதுவெதுப்பான சீனித் தண்ணியில போட்டேன், நுரை கட்டுச்சு. மைதாவுல ஊத்திப் பிசைஞ்சா, அம்மாடி, ரெண்டு கையிலயும் ஒட்டிக்கிட்டு விடவே மாட்டேங்குது! "போ சனியனே"ன்னு திட்டிக்கிட்டே உள்ளங்கையால தள்ளினேன், மடிச்சேன், திரும்பத் தள்ளினேன். தூறல் சத்தத்துல எம்புட்டு நேரம் போச்சுன்னே தெரியல. கடைசியில மாவு வழிக்கு வந்து, பிள்ளை கன்னம் கணக்கா மெத்துன்னு ஆயிருச்சு.

இவுக பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து கலக்குறவுக. போன சீசன்ல இவுக ரூம்ல கலந்து வச்ச மருந்து தானாச் சூடேறி வெடிச்சிருச்சு. இவுக தப்பிச்சு ஓடியாந்துட்டாக. கூட வேலை பார்த்த கூட்டாளி செத்துப் போனார். அதுலருந்து மனுசன் வேலைக்குப் போவாக, வருவாக, சாப்பிடுவாக. பேச்சே கிடையாது. ஒரே வீட்டுல இருந்தும் நான் தனியாக் கிடந்தேன். இவுக எனக்குத் திரும்பக் கிடைப்பாகளான்னே தெரியல.

அன்னைக்கு மதியம் இவுக தூங்கிக்கிட்டு இருந்தாக. மாவுக்குக் குளிர் ஆகாதாம்ல! மாவு இருந்த குண்டானைத் தட்டால மூடி, போர்வை சுத்தி இவுக தலைமாட்டுல வச்சுட்டு, நானும் அங்கனயே சாஞ்சேன். சன்னல் வழியா மழை வெளிச்சம் மங்கலா வந்துச்சு. ஈர மண்ணு வாசமும் ஈஸ்டு புளிப்பும் கலந்து கண்ணு சொக்கிப் போச்சு.

கதவு டமார்னு அடிச்ச சத்தத்துல முழிச்சேன். இவுக குண்டானை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மழையில ஓடுறாக! தூக்கத்துல கை பட்டிருக்கு. குண்டான் கதகதன்னு இருக்க, மாவு உப்பித் தட்டைத் தூக்கியிருக்கு. மருந்துதான் சூடேறுதுன்னு நெனச்சுட்டாக.

பக்கத்துக் காலி மனையில அதை எறக்கி வச்சப்ப நானும் போய்ச் சேர்ந்துட்டேன். "ரொட்டி மாவுங்க! ஈஸ்டு போட்டா உப்பும்!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. இவுக அப்பவும் நம்பாம, சூடு ஏறுதான்னு விரலை மாவுல வச்சுப் பார்த்தாக. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புப் போயி ஆத்திரம் வந்துச்சு.

"சூடேறினா போட்டது போட்டபடி ஓடணும்னுதானே கம்பெனியில சொல்றாக? அதைத் தூக்கி நெஞ்சுல வச்சுக்கிட்டு ஓடுறீகளே, கூறு இருக்கா?"

"அன்னைக்கு அப்படித்தான் அவனை விட்டுட்டு ஓடியாந்தேன்"ன்னாக. "ஒன்னையும் விட்டுட்டு ஓடச் சொல்றியா?"