சாம்பல் கோழியின் முதுகு

போன வருடம் ஆனி மாதம், ஆரணியில் எங்கள் வீட்டுப் பின்கட்டு. அன்று காலையில் அங்கே இருந்தவர்கள்: என் கணவர். அவருடைய அண்ணன். அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி. தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை முடிச்சுப் போட வந்திருந்த ஆள். பிறகு நான்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சேவல் என் சாம்பல் கோழியை மடக்கிவிட்டது. இணைசேர ஏறி மிதிப்பது எல்லாச் சேவலும் செய்வதுதான். நான் கோழி வளர்க்கிறவள், எனக்குத் தெரியும். இது அதுவல்ல. கழுத்து இறகை அலகால் கவ்விக்கொண்டு விடவே இல்லை. கோழி கத்தவும் இல்லை. தலையைத் தரையோடு வைத்துப் படுத்துவிட்டது. முதுகில் ஒரு இறகு கிடையாது. தோல் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. சேவல் இறங்கியதும் நடு முதுகில் ரத்தம் வந்தது.

பாவு ஆள் சிரித்தார். அதைப் பார்த்து ஓரகத்தியும் சிரித்தாள். ரத்தத்தைப் பார்த்துச் சிரிப்பு எப்படி வரும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் துடைப்பத்தை எடுத்தேன். என் கணவரின் அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"ஆத்தாளுக்கு விட்ட சேவல்மா அது. தொடப்பத்தால அடிக்கப் போறியே, உனுக்கு இன்னா வந்துச்சி? சேவல்னா அப்டித்தான் இருக்கும்."

இந்தப் பேச்சை நான் கோழிக்காக மட்டும் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிறேன்.

அந்தச் சேவலின் கதை இதுதான். என் கணவரின் அண்ணனை வீட்டில் பெரியவர் என்போம். அவருக்குக் கண்ணில் அறுவை நடந்தது. பார்வை நன்றாக வந்தால் அம்மனுக்குச் சேவல் தருவதாக வேண்டிக்கொண்டார். பார்வை வந்தது. ஆடியில் கூழ் ஊற்றும் அன்று கொடுக்க வேண்டும். அதுவரை அதை அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, விரட்டக் கூடாது என்று அவரே சொல்லிக்கொண்டார். சேவலுக்கும் அது தெரிந்துவிட்டது போல் நடந்துகொண்டது. அரிசி முறத்தில் ஏறி நிற்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கோழிகள் மட்டும் என்னுடையவை. முதலில் எட்டு இருந்தன. அப்போது இந்தத் தொல்லை இல்லை. வைகாசியில் பெரியவரின் சம்பந்திகள் தேசூரிலிருந்து வந்தார்கள். அவர்களுக்காக ஐந்து கோழியை அறுத்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டுக் கோழியோடு திரிந்த சேவல் மூன்றோடு நின்றது. அதன் பிறகுதான் எல்லாம். மூன்றிலும் சாம்பல் கோழிதான் மூத்தது, சாதுவானது. எங்கள் வீட்டில் வளர்ந்த குஞ்சுகள் முக்கால்வாசி அது அடைகாத்தவை. அது போனால் எனக்குக் கோழி வளர்ப்பே போன மாதிரி.

என் கணவருக்கு அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லை. ஆனால் மத்தியானம் தறியை விட்டு எழுந்து வந்தார். தறியிலிருந்து சேலையை அறுத்தபோது மிஞ்சிய அரக்குப் பட்டுத் துண்டு ஒன்று கையில் இருந்தது. கோழியின் முதுகுக்கு அளவு பார்த்தார். இறக்கை நுழைய இரண்டு வளையம் வைத்துத் தைத்தார்.

"பட்டு உறுத்தாது. புண்ணுலயும் ஒட்டாது" என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

கோழிக்கு மாட்டினோம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்கூட்டுக் கோழியே பட்டு கட்டிகினு திரியுது. நான் கல்யாணத்துக்குப் போறதுக்கு ஒண்ணு இல்லாம நிக்கிறேன்."

அதற்கு எனக்கும் சிரிப்பு வந்தது. பொய் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் சேவல் மறுபடி ஏறியது. பட்டில் அதன் கால் நிற்கவில்லை. வழுக்கியது. வழுக்க வழுக்க இன்னும் இறுக்கிப் பிடித்தது. காலிலிருக்கும் முள் இறக்கைக்குக் கீழே இறங்கிச் சதையைக் கிழித்துவிட்டது. நான் ஓடிப் போய்க் காலால் எட்டி உதைத்தேன். ஆத்தா சேவலாக இருந்தால் என்ன, உதைத்தேன்.

பட்டு வழுக்கும் என்று எங்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமா? மடித்து அடுக்கிய சேலையே தானாக நழுவி விழும். நாளெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டு இருக்கிறோம். ஆனாலும் நல்ல பொருள் என்றால் எங்களுக்குப் பட்டுதான் ஞாபகம் வருகிறது. என் கணவர் ரத்தத்தில் நனைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார். "இனிமே அது தேறாது. அறுத்துடுங்க. கொழம்புக்காவது ஆவும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் நிஜமாகக் கோபம் வந்தது. அதுவரை வந்தது கோபமே இல்லை. கிழித்தது சாமிக்குப் போகிறது, நல்ல தீனி, நல்ல மரியாதை. கிழிபட்டது குழம்புக்குப் போக வேண்டும். இது என்ன நியாயம்?

கோழியைக் கூடையில் வைத்துத் துணி மூடி அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு நாய். டாக்டரம்மா சின்ன வயது. புண்ணைக் கழுவித் தையல் போட்டார். ஈ மொய்க்காமல் இருக்க மருந்து கொடுத்தார். எத்தனை கோழி, எத்தனை சேவல் என்று கேட்டார். சொன்னேன். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துக் கோழியாவது வேண்டும், மூன்று இருந்தால் அந்த மூன்றின் உயிரை வாங்கும் என்றார். துணி கட்டுவதாக இருந்தால் கெட்டித் துணி கட்ட வேண்டுமாம், ஜீன்ஸ் மாதிரி. அதற்கு முன்னால் சேவலைப் பிரித்து வை என்றார். சாமிக்கு விட்ட சேவல், அடைத்து வைக்கக் கூடாது என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கோழிய எதுக்குமா இங்க தூக்கிகினு வந்தீங்க?"

கேட்டுவிட்டு அடுத்து வந்த இன்னொரு நாயைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் அதே கேள்விதான்.

வீட்டுக்கு வந்தேன். கோழியைத் தறிக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தேன். பின்கட்டுக்குப் போய்ச் சேவலைப் பிடித்தேன். கையைக் கொத்தியது, விடவில்லை. கோழி மூடுகிற பெரிய பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் போட்டேன். உள்ளே கம்பும் தண்ணீரும் வைத்தேன். பட்டினி போடுவது என் எண்ணமில்லை.

சத்தம் கேட்டுப் பெரியவர் வந்தார். ஓரகத்தியும் வந்தாள். சாமிக் குற்றம் ஆகும், வீடு உருப்படாது, என் கண்ணு போய்ட்டா நீ தருவியா என்றெல்லாம் பேசினார். நான் அவரைப் பேசி முடிக்க விட்டேன். பிறகு சொன்னேன்.

"மாமா, ஆத்தாளுக்கு நீங்க விட்டது சேவலத்தான். என் கோழிய நான் யாருக்கும் விடல."

அவர் பஞ்சாரத்தைத் தூக்கக் குனிந்தார். அதற்குள் என் கணவர் உள்ளேயிருந்து வந்தார். வாசலில் கிடந்த கருங்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்திருந்தார். அதைப் பஞ்சாரத்தின் மேல் வைத்தார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பிப் போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டார். தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பெரியவர் நிமிர்ந்தார். அப்புறம் அந்தக் கல்லை யாரும் தொடவில்லை, தீனி வைக்கிற நேரத்தில் நான் மட்டும்தான்.

ஆடியில் கூழ் ஊற்றினார்கள். சேவலைக் குளிப்பாட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்து நானே எடுத்துக் கொடுத்தேன். நன்றாகக் கொழுத்திருந்தது. பெரியவர் வாங்கிக்கொண்டு போனார். அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போதும் ஊசியில் நூல் கோக்கிறார். என்னோடு மட்டும் பேச்சில்லை. ஓரகத்தி பேசுகிறாள், அவர் இல்லாத நேரத்தில்.

சேவலுக்கு அறிவு கிடையாது, அதை நான் குறை சொல்லவில்லை. சுற்றி நின்ற எங்களுக்கு இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று யாராவது எதற்காவது சொன்னால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது.

ஆடி கடைசியில் ஒரு நாள் சாம்பல் கோழியை மடியில் வைத்து முதுகைத் தடவினேன். சொரசொரப்பாக ஏதோ விரலில் பட்டது. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். இறகு முளை. இழை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினேன். பத்தொன்பது.