மஞ்சள் தண்ணீர் போன வழி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனின் மேற்கு விளிம்பில் நாங்கள் வாங்கிய வீடு தொழிற்சாலையில் செய்யப்பட்டு லொறியில் வந்து இறங்கியது. யன்னல், சமைக்கக் குசினி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருந்தன. கழிவுக் குழாய் மட்டும் வீட்டுக்கடியில் அந்தரத்தில் தொங்கியது. அதை நிலத்துக்குள் போகும் சாக்கடைக் குழாயோடு நாங்கள்தான் இணைக்க வேண்டும்.

லண்டனின் ஹரோ பகுதியிலிருந்து என் அண்ணன் வந்தார். வங்கியில் வேலை. ஆனால் கூரை, வயரிங், குழாய், எதைக் கேட்டாலும் “அது சின்ன வேலை” என்பார். நிலத்தில் இரண்டு குழாய் வாய்கள் தெரிந்தன.

“எதில பூட்டுறது, மச்சான்?” என்று என் கணவர் கேட்டார்.

“கிட்ட இருக்கிறதில பூட்டும். எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும்.”

பூட்டினார்கள். ஒழுகினால் தெரியட்டும் என்று, ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்துக் குசினித் தொட்டியில் ஊற்றச் சொன்னார் அண்ணன். நான் தாராளமாகவே கரைத்தேன். அடியில் படுத்திருந்த இருவரும் “ஒரு சொட்டும் ஒழுகேல்லை!” என்று கத்தினார்கள். தேநீர் போட்டேன்.

குடித்து முடியவில்லை, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கதவைத் தட்டினார். கையில் அவருடைய வெள்ளை நாய். நாலு காலும் வயிறும் நல்ல மஞ்சள். பின்னாலுள்ள மழைநீர் ஓடையில் இறங்கியதாம்.

“இது கழுவினால் போய்விடுமா?” என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டார்.

அண்ணன் நாயைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். “நாங்கள் பூட்டினது மழைத்தண்ணிக் குழாய் போல கிடக்கு.”

“நல்லகாலம் அண்ணை, ஒருத்தரும் கழிவறைக்குப் போக முதல் மஞ்சளோட நிண்டது” என்றேன்.

குழாயைக் கழற்றி, தூரத்து வாய்வரை நீட்டி, சரிவு வரச் செங்கல் அடுக்கிப் பூட்ட அன்று பின்னேரமாகிவிட்டது. நானும் அந்த அம்மாவும் நாயைத் தேய்த்துத் தேய்த்து எலுமிச்சை நிறத்துக்குக் கொண்டுவந்தோம். பிறகு தேநீருக்குக் கூப்பிட்டேன். ஒரு கோப்பை குடித்துவிட்டு, கழிவறைக்குப் போகலாமா என்று கேட்டார்.

அதுவரை எங்களில் ஒருவரும் துணியவில்லை. அவர் உள்ளே போனதும் மூவரும் வெளியே ஓடிக் குழாயருகே குந்தினோம். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு களகளவென்று ஓடியது.

“போகுது, போகுது!” என்று அண்ணன் துள்ளினார். நாங்கள் கைதட்டினோம்.

தலைக்கு மேல் கழிவறை யன்னல் திறந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

அண்ணன் நிமிர்ந்து நின்று, “மிகவும் நன்றி, மேடம்” என்றார்.