அனுப்ரியா டீச்சரின் பாலைவனம்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அனுப்ரியாவிடம், பார்த்து எழுதிய கட்டுரையைக் கொடுத்துவிட்டுத் தப்பித்த பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. நாலாவது வரியிலேயே பிடித்துவிடுவாள். "இயற்கை அன்னையின் எழில் கொஞ்சும் மடியில்" என்பதெல்லாம் பத்து வயதுப் பையன் கையிலிருந்து வராது என்று அவளுக்குத் தெரியும். அதட்ட மாட்டாள். பக்கத்தில் கூப்பிட்டு, "இது நீ எழுதினதாப்பா?" என்று மெதுவாகக் கேட்பாள். அந்த மெதுவுக்கே பிள்ளை உண்மையைக் கக்கிவிடும். இப்பேர்ப்பட்டவளை ஒருத்தன் ஏமாற்றினான், அதுவும் இதே வித்தையில்.

வயது முப்பத்திரண்டு. பிடோக்கில் எட்டாவது மாடியில் அம்மா மங்களத்தோடு இருந்தாள். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மங்களம் சிராங்கூன் ரோட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்ப்பவள். கடைக்கு வரும் அம்மாக்களில் பாதிப் பேருக்குக் கல்யாண வயதில் பையன் இருந்தான்; புடவையை விரித்துக் காட்டுகிற சாக்கில் மங்களம் பையனையும் விசாரித்துவிடுவாள். அப்படி வந்தவர்களில் ஏழு பேரை அனுப்ரியா வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

"உனக்குன்னு ராஜகுமாரனா வரப்போறான்?" என்று மங்களம் கேட்பாள்.

"பேசத் தெரிஞ்சவனா வந்தா போதும்மா."

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பாலைவனம். சின்ன வயதில் ஏதோ டிராவல் ஏஜென்சி கொடுத்த காலண்டரில் ஜோர்டான் நாட்டுப் பெட்ராவின் படம் இருந்தது. இரண்டு பாறைச் சுவர்களின் இடுக்கில், மலையையே குடைந்து செய்த ரோஜா நிற முகப்பு. வருஷம் முடிந்தும் அந்தக் காலண்டரைக் கழற்ற அவள் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போட்ட துணி மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைகிற ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, ஈரமே இல்லாத இடம் என்று ஒன்று இருப்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. இது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வளர்ந்த பிறகு இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

எட்டாவதாக வந்தவன் சரத். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. லட்சணமாக இருந்தான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நின்றான். அவன் அம்மா ரஞ்சிதம் மங்களத்தின் கடைக்குப் பதினைந்து வருஷ வாடிக்கை. நாலு தடவை இருவரும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவன் அனுப்புகிற மெசேஜ் எல்லாம் 'ஓகே லா', 'நைஸ்', அதுவும் இல்லாவிட்டால் ஒரு கட்டைவிரல். இவனுக்கும் வேண்டாம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் ஐந்தாவது தடவை போனாள்.

அன்றைக்குத் தேக்கா சந்தையில் பிரியாணித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவன் ஒரு லிங்க் அனுப்பினான். "ஹனிமூன் பிளான். ஜோர்டான். மூணு வாரமா உக்காந்து எழுதினேன். நீ ஓகே சொன்னா போலாம்."

"எனக்கு அந்த ஊர் பிடிக்கும்னு எப்படித் தெரியும்?"

"உன்னப் பாத்தா தெரியாதா லா?" என்றான் சரத்.

அது ஒரு கூகுள் ஷீட். நாள், நேரம், பஸ், ஹோட்டல் எல்லாம் ஆங்கிலத்தில். வலது ஓரக் கட்டங்களில் மட்டும் தமிழில் குறிப்புகள். ஜெராஷின் ரோமானிய இடிபாடுகளுக்கு நேரே, 'தூண்களுக்கு நடுவுல நடக்கறப்ப பேச வேணாம். நடக்கற சத்தம் மட்டும் கேக்கட்டும்' என்றிருந்தது. தலைநகர் அம்மானிலிருந்து பெட்ரா போகும் பஸ்ஸுக்கு நேரே, 'ஜன்னல் சீட் உனக்கு. நான் திரும்பி வர்றப்ப பாத்துக்கறேன்.' பெட்ராவில் மலை உச்சியிலிருக்கும் மடத்துக்கு நேரே, 'படி எண்ணூறுக்கு மேல. அவசரமில்ல. முட்டி வலிக்கிற இடத்துல உக்காந்துடலாம். பாதி மலையும் மலைதான்.' வாடி ரம் பாலைவனத்துக்கு நேரே, 'இங்க பிளான் ஒண்ணும் கிடையாது. சேர்ந்து சும்மா இருக்கலாம்.'

நாள் முழுக்க வகுப்பில் நின்று முட்டி வலிக்கிறது என்று அவனிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாள். அதை ஞாபகம் வைத்திருக்கிறானே! பேச வராதவன் எழுத்தில் இப்படி இருப்பான் போலிருக்கிறது என்று நினைத்து, ரயிலில் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு போனவள் பிடோக்கில் இறங்க மறந்து சீமெய் வரை போய்விட்டாள். அங்கே பிளாட்பாரத்தில் நின்றபடியே 'சரி' என்று அனுப்பினாள். அவன் கட்டைவிரல் அனுப்பினான். நாலாவது வரியில் கண்டுபிடிக்கிற டீச்சருக்கு அந்தக் கட்டைவிரல் கண்ணில் படவே இல்லை.

பதிவுத் திருமணம் ஆனியிலேயே முடிந்தது. கோவிலில் தாலி கட்டுவதற்குத்தான் இழுத்தது. கார்த்திகை முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்கவில்லை, மார்கழியில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள், தைக்குள் பள்ளி திறந்துவிடும், அதற்குப் பிறகு டீச்சருக்கு நீண்ட லீவு கிடையாது. ஆகவே டிசம்பர் லீவில் தேனிலவு முன்னால், தையில் தாலி பின்னால் என்று முடிவாயிற்று. மங்களம் கொஞ்சம் முனகினாள். சட்டப்படி கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லி அனுப்ரியா பெட்டி கட்டினாள்.

ஜெராஷில் தூண்களுக்கு நடுவே நடக்கும்போது சரத் ரஞ்சிதத்துக்கு வீடியோ கால் போட்டு, "அம்மா, இங்க பாருங்க, செம குளிரு" என்று கத்திக்கொண்டே வந்தான். எழுதினதை மறந்துவிட்டான் போல என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்ரா பஸ்ஸில் அவன்தான் முதலில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். ஐந்து நிமிஷத்தில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கியும் போனான். களைப்பு, பாவம் என்றுவிட்டாள். அவன் தலைக்கு மேலாக எட்டி எட்டித்தான் மண் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மடத்துக்கு ஏறுகிற படியில் பாதியிலேயே அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "என்னால முடியாது. நீ போய்ட்டு வா." அவள் தனியாகவே ஏறினாள். அவளுக்கு முட்டி வலிக்கவே இல்லை. மேலே போய், காலண்டரில் இல்லாத அந்தப் பெரிய முகப்பின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு ஹோட்டலுக்குத் திரும்பினார்கள். சரத் குளிக்கப் போனான். அனுப்ரியா போனில் ஷீட்டைத் திறந்து, முடிந்த வரிகளுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். பயிற்சித் தாளில் சரி போடுகிற கை, சும்மா இருக்காது. அப்போது ஷீட்டின் மேல் மூலையில் புதிதாக ஒரு வட்டம் முளைத்தது. தொட்டுப் பார்த்தால் திவ்யதர்ஷினி என்று ஒரு பெயர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்த காலிக் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'யாரு இது? சரத்தா? இன்னிக்கு எடிட் ஆயிருக்குன்னு காட்டுது.'

அடுத்த கட்டத்தில் இவள் எழுதினாள். 'நான் அனுப்ரியா. சரத்தின் மனைவி. நீங்கள் யார்?'

பதில் வந்தது. 'இத எழுதினது நான். மூணு வருஷம் முன்ன. அழிச்சிட்டேன்னு சொன்னான். நீங்க இப்ப அங்கயா இருக்கீங்க?'

'பெட்ராவில்.'

'அவன் முட்டி எப்படி இருக்கு? என்.எஸ்.ல, ஆர்மி டிரெய்னிங் அப்ப அடிபட்டது. மேல வரைக்கும் ஏறினானா?'

'இல்லை. பாதியில் உட்கார்ந்துவிட்டார்.'

'தெரியும். அதுக்காகத்தான் அப்படி எழுதி வச்சேன்.' கொஞ்சம் பொறுத்து இன்னொரு வரி வந்தது. 'சாரிங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வெளிய போயிடறேன்.'

வட்டம் மறைந்தது. புதிதாக ஒரு நகல் எடுத்து அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தச் சிரமத்தைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அனுப்ரியா எல்லாக் குறிப்புகளையும் மேலிருந்து கீழே மறுபடி படித்தாள். ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தவள் ஒருத்தி. அதை வாங்கிக்கொள்ள இருந்தவன் இவன். அந்த முட்டி தன்னுடையதே இல்லை. இத்தனை மாதமாக அந்த வரிகளை எழுதிய ஆளை நினைத்து நினைத்துத்தான் அவள் இவனோடு பழகினாள், கையெழுத்துப் போட்டாள், ஒரே அறையில் படுத்தாள். அப்படி ஓர் ஆள் இருந்தது உண்மை, அது சரத் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் வாடி ரம்மில் ஜீப் ஓட்டிய அதீஃப் இருவரையும் ஒரு பாறை நிழலில் இறக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளிச் சுள்ளி மூட்டித் தேநீர் போடப் போனான். சுற்றிலும் சிவப்பு மணல். அவள் வாழ்நாள் முழுக்க வர நினைத்த இடம்.

"திவ்யதர்ஷினி யாரு, சரத்?" மெதுவாகத்தான் கேட்டாள்.

பத்து வயதுப் பிள்ளைகளைப் போல உடனே கக்கிவிடவில்லை அவன். முதலில் பிரெண்ட் என்றான். பிறகு ரெண்டு வருஷப் பழக்கம் என்றான். பிறகு, "கட்டிக்கப் போறோம்னு அவகூட சேர்ந்து கவர்மெண்ட் வீட்டுக்கே அப்ளை பண்ணேன். குலுக்கல்ல நம்பர் வந்துச்சு. நாங்கதான் நிக்கல. போதுமா?" என்றான்.

"முன்னாடி யாரும் இல்லன்னு சொன்ன. மூணு வாரம் உக்காந்து எழுதினேன்னு சொன்ன."

"எழுதினது யாரா இருந்தா என்ன? டிக்கெட் நான் போட்டேன். லீவு நான் எடுத்தேன். கூட்டிட்டு வந்தது நான். அது சும்மா ஒரு டெம்ப்ளேட் லா."

"நான் சரின்னு சொன்னது அத எழுதின ஆளுக்கு."

"அப்ப அவளையே கட்டிக்கோ," என்றான் சரத் எரிச்சலாக. அவள் கண்ணை எடுக்காமல் அவனையே பார்க்கவே, அவனுக்கு இன்னும் ஏறியது. "என்னைய மட்டும் நிக்க வச்சுக் கேள்வி கேக்கறியே, போய் உங்கம்மாவக் கேளு."

அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. அதீஃப் கொண்டுவந்த தேநீரை மூன்று பேரும் குடித்தார்கள். பாக்கி இருந்த இரண்டு நாளும், விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும், அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் குடைந்தது. சரத்தை மன்னிப்பதா, தைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, அழைப்பிதழ் கொடுத்த வீடுகளில் என்ன சொல்வது என்றெல்லாம் யோசித்தாள். எதை யோசித்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. வீட்டில் அம்மா இருக்கிறாள், அவள் மடியில் படுத்து ஒரு மூச்சு அழுதுவிட்டால் போதும், பிறகு எதையும் முடிவு செய்யலாம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

சாங்கியிலிருந்து பெட்டியோடு நேராகக் கடைக்கே போனாள். மதிய நேரம், கூட்டமில்லை. பின்பக்கம் துணிக் கட்டுகளுக்கு நடுவே மங்களம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் மூடிவிட்டாள். அனுப்ரியா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அம்மா முகத்தில் அதிர்ச்சி வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"உனக்குத் தெரியுமாம்மா?"

மங்களம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பொண்ணப் பத்தி ரஞ்சிதம் மொதல்லயே சொல்லிட்டா. அவனும் கடைக்கு வந்தான். 'அனு பிடிகுடுக்க மாட்டேங்குது ஆன்ட்டி, அதுக்கு என்னதான் பிடிக்கும்'னு கேட்டான். 'பாலைவனம்னா உயிர விடுவா'ன்னு சொன்னேன். 'அந்த மாதிரி ஊருக்குப் போட்ட பழைய பிளான் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, ஆனா வேற பொண்ணு எழுதினது'ன்னான். எங்கிட்ட அவன் பொய் சொல்லல."

"நீ படிச்சியா?"

"படிச்சேன். நல்லா இருந்துச்சு. உனக்குப் பிடிக்கும்னு தெரியும்." மங்களம் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேல அவ பேரு இருந்துச்சு. 'அத எடுத்துட்டுக் குடுப்பா'ன்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன். நீ எட்டாவது ஆளையும் வேணாம்னு சொல்லிருவேன்னு பயமா இருந்துச்சு, அனு. எனக்கும் வயசாகுதுல்ல? நல்ல பையன். வேற என்ன செய்யச் சொல்ற?"

சரத்துக்காக வராத அழுகை அப்போது வந்தது. மங்களம் கையை நீட்டினாள். அனுப்ரியா தள்ளி நின்றுகொண்டு அழுது முடித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மண்டபத்துக்கு நான் போன் பண்ணிக்கறேன். நீ கார்டு குடுத்த வீட்டுக்கெல்லாம் நீயே சொல்லிடு" என்றாள்.

தையில் தாலி ஏறவில்லை. பதிவு செய்து மூன்று வருஷம் ஆகாமல் விவாகரத்து சுலபமாகக் கிடைக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டதால், காகிதத்தில் அவள் இன்னும் சரத்தின் மனைவிதான். உட்லண்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அங்கிருந்து பாசிர் ரிஸ் போய்வரவே பாதி நாள் போய்விடுகிறது. பிடோக்கில் இருந்தால் என்ன என்று பள்ளியில் கேட்பவர்களிடம் சிரித்து மழுப்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் போய்ப் பார்க்கிறாள், மருந்து வாங்கிக் கொடுக்கிறாள், வைத்ததைச் சாப்பிடுகிறாள். மங்களமும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அடுத்த வாரம் என்ன சமைக்கட்டும், தீபாவளிக்கு எந்தக் கலரில் புடவை எடுத்துவைக்கட்டும், லீவுக்கு எங்கேயாவது போகணும் போல இருக்கிறதா என்று. எதுவானாலும் பரவாயில்லைம்மா என்கிறாள் அனுப்ரியா. தனக்கு இன்னது பிடிக்கும் என்று அம்மாவிடம் அவள் இப்போதெல்லாம் சொல்வதே இல்லை.