வடக்கு வானத்தின் கீழ் விளிம்பு

1. அக்கா நார்வேயின் வடகோடியில் உள்ள ஒரு சிறிய துறைமுக ஊருக்கு வேலைக்குப் போனாள்.
2. நான் ஒரு கேமரா செய்து கொடுத்தேன். அவள் அதைத் தன் வீட்டுப் பால்கனியில் வானத்தைப் பார்த்து வைத்தாள்.
3. நவம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறைந்தது. ஜனவரி பாதி வரை அது எழாது.
4. அக்கா போன் எடுப்பதைக் குறைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை.
5. படங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.
6. படங்களின் கீழ் விளிம்பில் அவள் ஜன்னல் விளக்கின் வெளிச்சம் தெரிந்தது. அதனால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று வீட்டில் மூன்று பேரும் நம்பினோம்.
7. அந்த நம்பிக்கை தவறு.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத வேண்டும். மற்றவை வரிசையில் வைத்தால் போதும்.

அக்காவுக்கு வேலை ஒரு மீன் நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில். ஏற்றுமதிக்குப் போகும் மீனில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. திருவனந்தபுரத்துக் கரமனையில், எங்கள் அக்ரகாரத் தெருவில் அம்மா "லேபில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். என்ன லேப் என்று யாராவது கேட்டால், "ரொம்பக் குளிரான லேபாக்கும்" என்பாள். அக்கா இதைக் கேட்டுப் போனில் வெகுநேரம் சிரித்தாள். அது முதல் வருடம். முதல் குளிர்காலத்தை அவள் நன்றாகவே கடந்தாள். பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு விழுந்த படங்களையெல்லாம் அனுப்பினாள்.

அவளுக்குத் தங்கையான நான் மின்னணுப் பொறியாளர். டெக்னோபார்க்கில் ஒரு நிறுவனத்தில் கருவிகளுக்கு நிரல் எழுதுகிறேன். வானத்தைப் படமெடுக்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்திலிருந்து என் ஆசை. திருவனந்தபுரத்தில் அது நடக்காது. தெருவிளக்கு, தென்னை, கடல் ஈரம், பாதி வருடம் மேகம். ஒரு முறை பொன்முடி மலைக்குப் போய் முக்காலியை நிறுத்தினேன். மூடுபனி வந்து லென்ஸை நனைத்துவிட்டுப் போனது. அக்கா போன ஊரில் இரண்டு மாதம் பகலே கிடையாது என்று கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது பொறாமைதான்.

இரண்டாம் வருடம் அவள் விடுமுறையில் வந்தபோது கேமராவைத் தயார் செய்து வைத்திருந்தேன். முழு வானத்தையும் ஒரே வட்டமாகப் பிடிக்கும் அகல லென்ஸ், அதன் மேல் தெளிவான பிளாஸ்டிக் கிண்ணம், உறைபனி பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு சிறிய சூடேற்றி, படத்தை இணையத்தில் ஏற்றக் கையகலக் கணினி. நிமிடத்துக்கு ஒரு படம். எல்லாவற்றையும் கரமனையில் உட்கார்ந்தபடியே என்னால் மாற்ற முடியும். குளிரைத் தாங்குமா என்று எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துச் சோதித்தேன். அதற்குள்ளிருந்து நான் எடுத்த முதல் படத்தில் உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று மிகக் கூர்மையாக விழுந்திருந்தது.

அக்காவின் வேலை ஒன்றுதான். பனி பெய்து கிண்ணத்தை மூடினால் வெளியே வந்து துடைக்க வேண்டும். அப்போது படத்தில் அவளுடைய கையுறை மட்டும் வானம் முழுவதையும் அடைத்துக்கொண்டு தெரியும். சில நாள் கையுறையை ஆட்டி எனக்கு டாட்டா காட்டுவாள்.

நல்ல படங்கள் கிடைத்தன. பச்சை ஒளி முதலில் வடக்கே ஒரு கறை போலக் கிளம்பும். பிறகு ஈரத் துணியை உதறுவதுபோல மடிந்து மடிந்து தலைக்கு மேல் வரும். அங்கே பகலும் இருட்டு என்பதால் என் அலுவலக நேரத்திலேயே எல்லாம் நடந்தது. மதிய உணவு இடைவேளையில், ஏசி இல்லாத கேன்டீனில் வியர்த்துக்கொண்டு, துருவ வானத்தைப் பார்ப்பேன். படத்தின் கீழ் ஓரத்தில் பால்கனிக் கம்பியும் தரையில் கிடக்கும் பனியில் ஒரு திட்டும் தெரியும். அந்தத் திட்டின் மேல் அக்காவின் ஜன்னல் விளக்கு மஞ்சளாக விழும். வானத்தைக் கெடுக்கிறதே என்று அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் படங்களைச் சேமிப்பேன். முழுப் படங்கள் கணினியில் தனியாகக் கிடந்தன.

டிசம்பரில் அக்கா போனில் பேசுவது சுருங்கியது. அம்மா அவளிடம் எப்போதும் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். அவள் "ஆச்சு" என்பாள். என்ன சாப்பிட்டாய் என்றால் அதற்கும் "ஆச்சு". பிறகு போனை எடுக்காமல் எழுத்தில் பதில் போட்டாள். தலைவலி, அசதி, நாளைக்குப் பேசுகிறேன். பிறகு அதுவும் வரவில்லை. அவள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கிறிஸ்துமஸ் விடுமுறை என்று தானாகப் பதில் வந்தது. அந்த ஊரில் எங்களுக்கு வேறு யாரையும் தெரியாது.

பனி பெய்தது. கிண்ணம் மூடியது. கையுறை வரவில்லை. சூடேற்றி மெல்ல மெல்ல உருக்கி ஓர் ஓட்டை போட்டது. அந்த ஓட்டை வழியாக முதலில் தெரிந்தது கீழ் விளிம்பும் அதில் விழுந்த மஞ்சள் வெளிச்சமும்.

அம்மாவுக்கு மடிக்கணினியில் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அப்பா பின்னால் வந்து நின்றார்.

"லைட்டு எரியறதே. ஆத்துலதான் இருக்கா, கேட்டியா. என்னமோ கோவம். நாம எதாவது சொல்லியிருப்போம்" என்றார்.

அப்பா இதைச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் வீட்டில் விளக்கு என்றால் ஆள் என்று அர்த்தம். அப்பா வாழ்நாள் முழுவதும் அறை அறையாகப் போய் ஸ்விட்சுகளை அணைத்தவர். குளியலறையில் விளக்கைப் போட்டுவிட்டு வந்தால் சாப்பாட்டின் நடுவில் எழுந்து போக வேண்டும். பக்கத்து அறையில் யாராவது இருக்கிறார்களா என்று நாங்கள் கூப்பிட்டுக் கேட்டதே இல்லை. கதவடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்போம், அவ்வளவுதான். அக்காவும் அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். ஆகவே விளக்கு எரிகிறது, அக்கா எழுந்து நடமாடுகிறாள், பேசத்தான் விருப்பமில்லை. மூன்று பேருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை. அம்மா மட்டும், கோபம் என்றால் ஒரு வார்த்தை திட்டியாவது இருப்பாளே என்றாள்.

அந்த வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னேன்.

வானத்துக்காக அமைத்த கேமராவால் மனிதரைப் பார்க்க முடியாது. நட்சத்திர ஒளியைச் சேர்ப்பதற்காக அது ஒவ்வொரு படத்துக்கும் பல விநாடி கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். அதற்குள் ஜன்னலை ஒருவர் கடந்துபோனால் அவருடைய நிழல் பதியவே பதியாது. வேண்டியது, நேரத்தைக் குறைப்பது. குறைத்தேன். நட்சத்திரங்கள் போயின. இன்னும் குறைத்தேன். அப்போது பார்த்து வானம் முழுக்கப் பச்சையும் ஓரத்தில் சிவப்பும் எழும்பிக்கொண்டிருந்தன. அந்தக் குளிர்காலத்திலேயே மிகப் பெரியது. நான் அதைப் படிப்படியாக இருட்டாக்கி அணைத்தேன். கடைசியில் கறுப்பு வட்டத்தின் அடியில் கடுகளவு மஞ்சள் மட்டும் மிஞ்சியது. அதில் நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விழவில்லை. படத்துக்குப் படம் அதே மஞ்சள். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதிய படம் வரும்போதெல்லாம் இருவரும் ஒன்றாகக் குனிந்தோம். ஒரு முறை ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். கிண்ணத்தின் மேல் ஓடிய நீர்த்துளி.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒன்று தேவைப்பட்டது. வீட்டில் ஆள் நிச்சயமாக இல்லாத நாளின் படம். அக்கா நவம்பர் தொடக்கத்தில் பயிற்சிக்காகத் தெற்கே போயிருந்தாள். ஹோட்டல் அறையை வீடியோவில் காட்டியிருந்தாள். அந்த நாட்களின் முழுப் படங்களைத் தேடி எடுத்தேன். கீழ் விளிம்பு கறுப்பாக இருக்கும். ஆள் இருக்கும்போதும் இல்லாதபோதும் என்ன வித்தியாசம் என்று அளந்துகொள்ளலாம் என்பது திட்டம்.

கீழ் விளிம்பில் மஞ்சள் வெளிச்சம் இருந்தது. அவள் ஊரில் இல்லாத ஒவ்வொரு நாளும், விடாமல்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தேதியை இரண்டு முறை கேட்டார்.

"லைட்டைப் போட்டுட்டா ஊருக்குப் போனா? நம்மாத்துப் பொண்ணு அப்படிப் பண்ண மாட்டாளே."

"பண்ணியிருக்கா, அப்பா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா எழுந்து போய்த் தன் போனை எடுத்து மறுபடி அக்காவின் எண்ணை அழைத்தாள். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள்.

அந்த ஊரில் குளிர்காலம் தொடங்கியதும் ஜன்னலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் யாரும் அணைப்பதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெருவில் போகிறவர்களுக்காக வைப்பதாம். வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எரியும். அக்கா அந்த ஊர்க்காரியாகிவிட்டிருந்தாள். அவள் விளக்கைக் கரமனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அவசர எண்ணை இங்கிருந்து அழைக்க முடியாது. அந்த மாவட்டக் காவல் நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். எடுத்த பெண் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். முகவரி, எந்த மாடி, கடைசியாக எப்போது பேசினீர்கள், மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா. கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னாள்.

போனை வைத்த பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. கேமரா வாசல் பக்கம் பார்க்காது. நான் கறுப்புப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் மணி அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்? கதவை உடைக்க அனுமதி வேண்டும் என்றால்? அவள் வீட்டில் இல்லை என்றால்? இன்னொரு கேள்வியும் இருந்தது. அதை நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதன் மூலம் தவிர்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் மீன்காரர் ஸ்கூட்டரின் ஹாரன் கேட்டது. எங்கள் தெருவில் அவர் நிற்காமல் போய்விடுவார். அம்மா அன்று எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

பிறகு ஒரு படத்தில் மஞ்சள் திட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. அடுத்ததில் அகலமான ஒரு நிழல். அதற்கடுத்ததில் இரண்டு. அக்கா மெலிந்தவள். அந்த நிழல் எதுவும் அவளுடையது அல்ல.

அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று சொன்னேன். அம்மா, "அவளக் காணுமா? அவ தெரியறாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேமரா கண் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். அந்தக் கேமராவால் அறைக்குள் பார்க்க முடியாது என்று அதைச் செய்த எனக்குத் தெரியும். இருந்தும் விசைகளை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

போன் வந்தது. அதே பெண். உயிரோடு இருக்கிறாள், நினைவிருக்கிறது, மிகவும் பலவீனமாக இருக்கிறாள், ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறோம் என்று வரிசையாகச் சொன்னாள். அம்மாவுக்கு அதே வரிசையில் சொன்னேன்.

சில நாட்கள் கழித்து அக்கா மருத்துவமனைப் போனிலிருந்து பேசினாள்.

"போலீஸ அனுப்பினது நீயாடீ?"

"ஆமா."

"பில்டிங்ல எல்லாரும் பாத்தா. எனக்கு எத்தனை வெஷமமா, அவமானமா இருந்ததுன்னு தெரியுமா?"

"என்ன ஆச்சுக்கா?"

"ஒண்ணும் ஆகலே. எழுந்துக்க முடியலே. அலாரம் அடிக்கும். வெளில பாத்தா இருட்டு. இன்னும் விடியலேன்னு படுத்துப்பேன். அது விடியாதுன்னு தெரியும். தெரிஞ்சும் படுத்துப்பேன்."

நாங்கள் கூப்பிட்டதெல்லாம் கேட்டதா என்றேன். கேட்டது என்றாள். போன் சார்ஜரோடு கட்டிலுக்கு அடியில்தான் கிடந்ததாம். கை நீட்டுவது என்பது ரொம்ப தூரமாக இருந்ததாம். ஊருக்கு வந்துவிடு என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல், கேமராவை என்ன செய்தாய் என்று கேட்டாள். ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன்.

"அதை நிறுத்திடு. அங்கேர்ந்து என்னைப் பாக்காதே. பின்னே, அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதே" என்றாள்.

அன்றே இங்கிருந்து நிறுத்தினேன். பெட்டி பால்கனியிலேயே இருக்கிறது. இந்நேரம் பனிக்குள் புதைந்திருக்கும்.

அக்கா இன்னும் மருத்துவமனையில் இருக்கிறாள். தினம் சிறிது நேரம் அம்மாவுடன் பேசுகிறாள். என்னுடன் பேசுவதில்லை. இங்கே வரமாட்டேன் என்பதை மருத்துவரிடமும் சொல்லியிருக்கிறாள். அவள் சம்மதமில்லாமல் அவளை அனுப்ப மாட்டார்கள். நான் விசாவுக்கு விண்ணப்பித்துக் கொச்சிக்குப் போய் விரல்ரேகை கொடுத்துவிட்டு வந்தேன். பதில் வரவில்லை.