பேர்பெச்சுவாவின் பதினோராம் கேள்வி

கொப்பன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே உள்ள விடுதியின் வாசலில் எத்தனை படி என்று கேட்டால் பேர்பெச்சுவா யோசிக்காமல் சொல்வாள். லுசேர்ன் ஏரியில் எந்தப் படகில் சக்கர நாற்காலி ஏறும், எந்தப் படகில் ஏறாது, புரூசல்ஸில் எந்த விடுதியின் மின்தூக்கிக் கதவு அறுபத்தெட்டு சென்ரிமீற்றர் அகலம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இவற்றில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாத ஆள் ஹம் நகர எல்லையைத் தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் கந்தோரில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பக்கத்து டோர்ட்முண்டுக்குப் போகவே காரணம் எழுதிக் கொடுக்க வேண்டியவள், லீட்ஸிலிருந்து வியன்னா வரை ஆட்களை வழியனுப்பிக்கொண்டிருந்தாள். 1987இல் ஜெர்மனியில் இப்படியும் ஒரு வேடிக்கை நடந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் முதலில் தகப்பன் தூக்கினார். அவருக்கு ஏலாமல் போனதும் தம்பி பீலிக்ஸ் தூக்கினான். பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, கிணற்றடிக்கு என்று எங்கே போவதென்றாலும் அவன் முதுகுதான். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் கற்ற ஆங்கிலமும் முத்து முத்தான கையெழுத்தும்கூட அப்படித் தூக்கித் தூக்கிச் சேர்த்தவைதான்.

1985 பெப்ரவரியில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது விமானப் படியில் பனி உறைந்து கிடந்தது. பீலிக்ஸ் அக்காவை முதுகில் சுமந்து இறங்கினான். நிலம் எட்டுவதற்கு ஒரு படி இருக்கும்போது கால் வழுக்கியது. இருவருடைய பாரத்தையும் ஒற்றைக் காலில் தாங்கி, ஒருமாதிரி முறுகி நிமிர்ந்தான்.

"என்னடா?"

"ஒண்டுமில்லை அக்கா."

அதே முதுகில்தான் அவள் கிழக்கு பெர்லினைக் கடந்து மேற்கு பெர்லினுக்கு வந்தாள், அங்கிருந்து ஹம் நகரத்தில் ஹைம் என்று சொல்லும் அகதிகள் விடுதிக்கும் வந்தாள். நிலத்தோடு இருந்த ஓர் அறையை அக்கா தம்பிக்கென்று கொடுத்தார்கள். இரண்டு கட்டில் இருந்தும் பீலிக்ஸ் தரையில்தான் படுத்தான். ஜெர்மன்காரரின் மெத்தை பஞ்சுப் பொதி மாதிரி இருக்கிறது, நித்திரை வராது என்றான். அவளும் நம்பினாள்.

வந்த ஆறாம் மாதம், தேவாலய உதவிக் கிட்டங்கியிலிருந்து ஒரு பழைய சக்கர நாற்காலி கிடைத்தது. ஹைமில் எல்லோரும் அதைச் சில்லுக் கதிரை என்றார்கள். அதை உருட்டிப் பழகிய பேர்பெச்சுவா, இரண்டு தெரு தள்ளி இன்னொரு சில்லுக் கதிரையைக் கண்டாள். அதில் இருந்தவள் பிரிங்க்மன் அம்மா. கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவள். வாயில் சிகரெட், மடியில் அளவு நாடா, மூக்கின் நுனியில் கோபம். கேட்காமல் யாராவது அவளுடைய கதிரையைப் பிடித்துத் தள்ளினால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள் இல்லை. முன்பு சப்பாத்துக் கடையாக இருந்த ஓர் இடத்தில் சங்கம் நடத்திக்கொண்டிருந்தாள். நடக்க முடியாதவர்கள் ஐரோப்பா முழுக்கப் பயணம் போக ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுவதுதான் அந்தச் சங்கத்தின் வேலை. நாடு நாடாகப் படிவம் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுப்பார்கள். ஆங்கிலக் கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தவளுக்குப் பேர்பெச்சுவா கிடைத்தாள். சம்பளம் கிடையாது, வேலை செய்ய அவளுக்கு அனுமதியும் கிடையாது. ஆனால் காலையில் எழும்பிப் போக ஓர் இடம் இருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஹைமில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். கதவின் அகலம், படிகளின் எண்ணிக்கை, கழிப்பறை என்று போய், பதினோராவதில் வந்து நிற்கும்: "துணையின்றி உள்ளே போக முடியுமா? முடியாதெனில் எத்தனை பேரின் உதவி வேண்டும்?"

ஹம் ஒரு பெரிய ரயில் சந்தி. வடக்கே, தெற்கே போகிறவர்கள் வண்டி மாறும் இடம். இரவு தங்கிப் போகிறவர்களுக்காகப் புத்தகத்தில் இந்த நகரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நிலையத்துக்குக் கிட்ட இருந்த தேவாலயத்தின் படிவத்தைப் பேர்பெச்சுவாவே நிரப்பினாள். தமிழ் ஆட்கள் ஞாயிறு தவறாமல் போகிற கோயில் அது. வாசலில் ஏழு படி. பதினோராம் கேள்விக்கு அவள் துளியும் சந்தேகமில்லாமல் எழுதினாள்: "போகலாம். உதவி எப்போதும் உண்டு." அவள் பொய் எழுதவில்லை. பாஷையூர் அந்தோனியார் திருநாளில் சொரூபக் கூட்டைத் தோளில் சுமந்தவர்களில் பீலிக்ஸும் ஒருவன். ஹைமிலும் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். நான்கு ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் படி ஒரு தடையா? எங்கள் ஆட்களின் கணக்கில் அது தடையே இல்லை. அவள் போகிற கோயில்தானே என்று பிரிங்க்மன் அம்மாவும் போய்ப் பார்க்கவில்லை. புத்தகத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் "போகலாம்" என்ற அடையாளம் விழுந்தது.

அந்த அடையாளத்தை நம்பி ஓகஸ்ட் மாதத்தில் ஒருத்தி வந்தாள். லீட்ஸ் நகரத்து ஆசிரியை மிஸ் ஹாலோவே. வியன்னாவுக்குத் தனியாகப் பயணம் போகிறவள். வழி முழுவதையும் பேர்பெச்சுவாதான் கடிதம் கடிதமாக எழுதி அமைத்துக் கொடுத்திருந்தாள். ஞாயிறு காலை கோயில் வாசலில் அவளுடைய கதிரை வந்து நின்றது. அவள் படிகளைப் பார்த்துத் திகைத்துக்கொண்டிருக்கும்போதே பீலிக்ஸும் மற்ற மூவரும் ஓடி வந்தார்கள்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

அந்தோனியாரின் கூடு போல மிஸ் ஹாலோவே மேலே எழுந்தாள். ஆடாமல் அசையாமல் கொண்டுபோய்க் கோயிலுக்குள் வைத்தார்கள். ஹைமில் பக்கத்து அறையில் இருந்த யோசப்பின் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பூசை முடிந்ததும் அதே சந்தோஷத்தோடு இறக்கினார்கள். அந்தப் பெண் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்தோனியாருக்கு என்ன, அவர் மரம், வெட்கப்பட மாட்டார். இவள் மனுசி என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்து நாளில் வியன்னாவிலிருந்து கடிதம் வந்தது. உறையைக் கிழித்தவள் பேர்பெச்சுவாதான்.

"ஆறு நாடுகளுக்குத் தனியாகப் போய் வந்தவள் நான். உங்கள் புத்தகத்தில் இருந்த ஓர் அடையாளத்தை நம்பி வந்தேன். நல்ல மனிதர்கள் நால்வர் என்னைக் கேட்காமல் தூக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்று நான் பூசை காணவில்லை. எப்படி இறங்கப் போகிறேன் என்பதைத்தான் முழு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்."

பேர்பெச்சுவா அதை இரண்டு தரம் வாசித்தாள். அப்புறம் வாசிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காலையில் தேநீர் குடிப்பதில்லை. பூசையில் நற்கருணை வாங்குவதற்காக உபவாசம் இருக்கிறாள் என்று யோசப்பின் அக்கா ஊரெல்லாம் அவளுடைய பக்தியைப் புகழ்வாள். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. பாதிப் பூசையில் ஒன்றுக்கு வந்தால் எல்லோர் முன்னாலும் தம்பி தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். அந்தப் பயத்தில் முப்பது வருடமாகத் தொண்டை காயக் கோயிலுக்குப் போய் வருகிறவள் அவள். கடிதத்தில் மட்டும் பழகிய ஒரு வெள்ளைக்காரி இவளுடைய மனதை எழுதி அனுப்பியிருக்கிறாளே என்று நினைத்தபோது அழுகை வந்தது.

பிரிங்க்மன் அம்மா கடிதத்தை வாசித்துவிட்டுச் சிகரெட்டை அணைத்தாள்.

"நானும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். என் பிழையும்தான். மூன்று கிழமையில் மறுபதிப்பு அச்சுக்குப் போகிறது. அந்த வரிக்கு என்ன போட?"

ஆம் அல்லது இல்லை. கேள்வி அவ்வளவுதான். ஆனால் இல்லை என்று எழுதினால், இவ்வளவு காலமும் தம்பி தூக்கியதை வேண்டாம் என்று அச்சில் சொன்னதாகிவிடும். எழுதியபின் அவன் முதுகில் ஏறி அதே கோயிலுக்கு எப்படிப் போவது? அவளுக்கு வாரத்தில் இருந்த ஒரே கொண்டாட்டமும் போய்விடும். இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எழுதினாள்: "ஏழு படிகள். துணையின்றிப் போக முடியாது."

ஞாயிறு காலை பீலிக்ஸ் வழக்கம்போல முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"வேண்டாம்டா. நான் வரேல்லை."

விஷயத்தைச் சொன்னாள். அவன் குனிந்தபடியே கேட்டான், அப்புறம்தான் நிமிர்ந்தான்.

"நான் எப்பவாவது முகம் சுளிச்சனானோ?"

"இல்லை."

"உங்களை ஒரு நாளாவது விழுத்தினனானோ?"

"இல்லையடா."

"பிறகென்ன?"

"நீ ஒருக்காலும் என்னைக் கேட்டுத் தூக்கினதில்லை."

"சொந்தத் தமக்கையைத் தூக்கக் கேக்கிறதோ?" என்றான். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

மூன்று ஞாயிறு அவள் அறையிலேயே இருந்து செபமாலை சொன்னாள். யோசப்பின் அக்கா நியாயம் கேட்க வந்தாள்.

"பங்குத் தந்தை எங்களுக்குக் கூடிறதுக்கு மண்டபம் தந்தவர். அவற்ர கோயிலுக்குப் போக ஏலாது எண்டு உலகத்துக்கே அச்சடிச்சுக் குடுக்கிறீரோ, பிள்ளை?"

"கோயிலில பிழையில்லை அக்கா. படி ஏழு. அதைத்தான் எழுதினனான்."

பீலிக்ஸ் அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தான், உடுப்புத் தோய்த்தான், ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை. எழுதியது சரி என்றும் தெரிந்தது, எழுதாமல் விட்டிருக்கலாமே என்றும் இருந்தது.

மூன்றாம் ஞாயிறு அவன் பூசை முடிந்தும் உடனே திரும்பி வரவில்லை. தனக்குத் தெரிந்த பத்து ஜெர்மன் சொற்களோடு பங்குத் தந்தையை வாசலுக்குக் கூட்டிப்போய்ப் படிகளைக் காட்டியிருக்கிறான். பதினொரு வருடமாக ஏறி இறங்கிய மனிதர் அன்றுதான் அவற்றை எண்ணினார். பிறகு இருவருமாகக் கோயிலைச் சுற்றி நடந்தார்கள். பக்கக் கதவில் இரண்டே படி. முப்பது சென்ரிமீற்றர் உயரம். பழைய நாடக மேடையின் பலகைகள் நிலவறையில் சும்மா கிடந்தன.

ஊரில் வள்ளம் கட்டிய கை அவனுடையது. நான்கு நாளில் ஒரு சாய்தளம் செய்துவிட்டு வந்து, "வந்து பாருங்கோ" என்றான். மூன்று கிழமைக்குப் பிறகு அவன் முகம் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. பேர்பெச்சுவா அளவு நாடாவோடு போனாள். நீளம் ஒன்றரை மீற்றர்.

"ஏலாதடா. தனிய ஏறினால் பின்னுக்குக் குத்துக்கரணம்தான். அஞ்சு மீற்றர் வேணும்."

"அஞ்சோ! இதிலயும் செங்குத்தா வள்ளம் ஏத்தியிருக்கிறம்."

"நான் வள்ளமில்லை."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பலகைகளைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்கினான். இரண்டாம் தரம் நான்கு மீற்றர். அதற்கும் அவள் தலையாட்டவில்லை. மூன்றாம் தரம் அவளே பக்கத்தில் இருந்து அளந்து கொடுத்தாள்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு, பேர்பெச்சுவா காலையில் பால் விட்டு ஒரு கோப்பை தேநீர் குடித்தாள். பக்கக் கதவடியில் பங்குத் தந்தையும் யோசப்பின் அக்காவும் பிரிங்க்மன் அம்மாவும் நின்றார்கள். பேர்பெச்சுவா சில்லுகளைப் பிடித்து உருட்டினாள். பீலிக்ஸ் இரு கைகளையும் நீட்டியபடி பின்னாலேயே வந்தான்.

"கையை எடு."

எடுத்தான். அவள் மெல்ல மெல்ல ஏறினாள். பாதியில் மூச்சு வாங்கி நின்றாள். மறுபடி உருட்டினாள். முன் சில்லுகள் கதவைத் தாண்டிக் கோயிலின் கல்தரையைத் தொட்டன. யாரும் கை தட்டவில்லை. பிரிங்க்மன் அம்மா தட்ட விடவில்லை.

பேர்பெச்சுவா திரும்பிப் பார்த்தாள். பீலிக்ஸ் சாய்தளத்தின் அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கை இடுப்பின் பின்புறத்தை அழுத்தியிருந்தது.

"என்னடா?"

இம்முறை அவன் ஒண்டுமில்லை என்று சொல்லவில்லை.

"நாரி நோகுதக்கா. ஷோனெஃபெல்டில சறுக்கின நாளில இருந்து. ஒவ்வொரு ஞாயிறும் உங்களை இறக்கிவிட்டால் ரெண்டு நாளைக்கு நிமிர ஏலாது. சொன்னால் நீங்கள் கோயிலுக்கு வெளிக்கிட மாட்டியள் எண்டு..."

தரையில் அவன் விரித்த பாய் அவளுக்கு நினைவு வந்தது. அவள் தேநீரை ஒளித்தாள், அவன் நோவை ஒளித்தான். ஒருவருக்காக ஒருவர் இரண்டரை வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது, அதைவிடப் பாசம் வந்தது. இரண்டையும் சொல்லத் தெரியாமல், "நாளைக்கு டொக்டரிட்டப் போறம்" என்றாள்.

திங்கட்கிழமை அவனுக்காகப் பேச அவளும் கூடப் போனாள். வைத்தியர் வீட்டு வாசலில் ஐந்து படி. பீலிக்ஸ் படிகளைப் பார்த்தான், பழக்கதோஷத்தில் முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"நில். குனியாதை."

வைத்தியருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் சங்கத்தில் பழகிய ஜெர்மனில் எழுதி அவன் சட்டைப் பைக்குள் வைத்தாள். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான். மேலே போய்த் திரும்பிப் பார்த்தான்.

"தனிய நிப்பீங்களோ அக்கா?"

"ஓம். நீ போயிட்டு வா. நான் நிக்கிறன்."

கதவு சாத்திக்கொண்டது. அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மடியில் விரித்தாள். படிகள்: ஐந்து. கைப்பிடி: உண்டு. பதினோராம் கேள்விக்கு வந்ததும் "முடியாது" என்று எழுதினாள். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பிக்காக அவள் வாசலில் காத்திருந்தாள்.