முப்பத்தெட்டாம் இடத்துக்கு ஒரு பேனர்

அயர்லாந்துக்காரர்களுக்கும் பனிச்சறுக்குக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அந்த நாட்டில் கொட்டுவது பெரும்பாலும் மழை. சறுக்குவதற்குத் தோதான பனிமலை அங்கே இல்லை. குளிர்கால ஒலிம்பிக் வந்தால் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு ஆட்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு போவார்கள், வெறுங்கையோடு திரும்புவார்கள். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் தெரியாது. அதனால் பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளி வேனில் இருந்த அத்தனை பேரிடமும், எங்கள் வீட்டு ஆள் ஒருத்தி அயர்லாந்துக்காகப் பனியில் சறுக்கித் தங்கம் வாங்கப்போகிறாள் என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டு ஆள் என்றது முழுப் பொய் இல்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி, நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனவள். போன இடத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தச் சித்தப்பாவின் கூடப்பிறந்த தங்கைதான் சறுக்கு வீராங்கனை. இதைவிட நெருங்கிய உறவு வேண்டுமா என்ன?

சிக்கல் மாமாவிடம் இருந்தது. மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். தாத்தா போன பிறகு வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். சித்தி கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் போனில் தகவல் சொன்னாள். அன்றோடு மாமா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மாப்பிள்ளை வெள்ளைக்காரர் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் உவரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அவர்களும் கத்தோலிக்கர்கள். அந்த வழியில் குறை சொல்ல முடியாமல் போனதே மாமாவுக்குக் கூடுதல் கோபம். நிஜமான குறை வேறு. மாமா பிளக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். "ஊர்ல எவன் வீட்டுக் கல்யாணம்னாலும் என் பேனர்தான் நிக்குது. எந் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு சாண் பேனர் கட்டலயே வே" என்று எதிர்க்கடை அண்ணாச்சியிடம் அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அம்மா மட்டும் மாமாவுக்குத் தெரியாமல் சித்தியோடு வீடியோவில் பேசுவாள். தெரியாமல் என்பது அம்மாவின் நம்பிக்கை. சித்தியின் கல்யாணப் படம் அம்மாவின் போனில் இருந்தது. மாமா அதைப் பார்த்ததில்லை. காட்டு என்று கேட்கவும் மாட்டார்.

வேனில் என் பேச்சை ஒருத்தி நம்பவில்லை. சறுக்குகிறவளின் படத்தை மறுநாள் அவளிடம் காட்டினேன். தலைக்கவசமும் முகத்தை மூடிய பெரிய கண்ணாடியுமாக இருந்த அந்தப் படத்தைப் பார்த்து, இது யாராக வேண்டுமானாலும் இருக்கலாமே என்றாள். நியாயம்தான். எங்கள் ஊரில் ஒரு செய்தி உண்மையாவது அது பேனரில் ஏறிய பிறகுதான். வேன் மாமாவின் கடை வழியாகத்தான் போகும். எனவே மாமாவிடம் போனேன்.

கம்ப்யூட்டரைவிட்டுத் தலையைத் தூக்காமலேயே, "அவளுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது, தெரியும்லா?" என்றார். பேனர் சித்திக்கு இல்லை, சித்தப்பாவின் தங்கைக்கு என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் மௌஸை உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவளா?"

சித்தப்பாவை அவர் மாப்பிள்ளை என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பிடி கிடைத்துவிட்டது என்று, அம்மாவின் போனில் ஒட்டுக்கேட்டதையெல்லாம் கொட்டினேன். அவர்கள் ஊரில் பனி கிடையாது, சின்ன வயதில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட ஒரு சரிவில் சறுக்கித்தான் பழகினாள், பிறகு ஊர் ஊராகப் போய் நிஜப் பனியில் சறுக்கினாள் என்றேன். மாமா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"பிளாஸ்டிக்லயா சறுக்கிப் படிச்சா?"

காலமெல்லாம் பிளாஸ்டிக்கை நம்பியே பிழைத்தவர் அவர். அப்போ அவள் ஜெயித்த மாதிரிதான் என்று அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். போட்டி இன்னும் நடக்கவில்லையே என்று நான் இழுத்தேன். நடந்த பிறகு அடிப்பதற்கு எந்தக் கடைக்காரனுக்கும் தெரியும் என்றார். தேர்தலில் மனுத்தாக்கல் அன்றைக்கே வேட்பாளரைச் சட்டமன்ற உறுப்பினராக்கி அடித்துக் கொடுத்தவர். அவர் கணக்கு அப்படி.

ஆனால் முகம் இல்லாத பேனர் அவருக்கு ஆகாது. கவசம் போட்டவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வீட்டு ஆட்கள் முகம் ஒன்றாவது வேண்டும் என்றார். நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்துக்கொண்டு வந்து, சித்தியின் கல்யாணப் படத்தை மாமாவிடம் கொடுத்தேன். படம் கிடைத்த சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மாமா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வெள்ளைக் கவுனில் சித்தி, கையில் சின்னதாக ஒரு பூங்கொத்து. காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சித்தப்பா. பின்னால் ஒரு கல்சுவரும் மழை வானமும்.

"தலைல ஒரு முழம் பூ வச்சுவிட ஆளில்ல பாரு" என்றார். மழை வானத்தில் படம் தெளிவாக இல்லாததால் வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வேலையில் இறங்கினார். கல்சுவரை அழித்தார், வானத்தை அழித்தார். கல்யாண ஆர்டர்களுக்காக வைத்திருந்த ரோஜா மாலைகளில் நல்லதாக இரண்டை எடுத்து இருவர் கழுத்திலும் போட்டார். சித்தி கொண்டையில் மல்லிகைச் சரம் வைத்தார், அது சரியாக உட்காரவில்லை என்று மூன்று முறை மாற்றினார். மேல் மூலையில் தாத்தா படத்தைப் போட்டு 'ஆசியுடன்' என்று எழுதினார். சறுக்கு வாழ்த்துக்கு மாலை எதற்கு என்று கேட்டேன். பேனர் என்றால் மாலை உண்டு என்றார். வீராங்கனை ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு நின்றாள். இவ்வளவு சின்னதாகப் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று சண்டை போட்டேன்.

"முகமே தெரியாத பிள்ளைய எம்புட்டுப் பெருசா போட முடியும்?" என்று வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கடை முகப்பில் பேனர் ஏறியது. 'பனிமலையில் தங்கம் வென்று திரும்பும் அயர்லாந்தின் வீரமங்கையை வாழ்த்துகிறோம்' என்று பெரிய எழுத்து. அடியில் சின்ன எழுத்தில், 'இவண்: சம்பந்தி வீட்டார், பாளையங்கோட்டை.'

அடுத்த நாள் காலை வேன் வருவதற்கு முன்னால் போட்டி. அயர்லாந்தில் அப்போது நடுச்சாமம். சித்தி தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்து, தன் போனை அதற்கு நேரே பிடித்துக்கொண்டாள். அந்த டிவியை நாங்கள் அம்மாவின் போனில் பார்த்தோம். பேனர் விஷயம் அவளுக்குத் தெரியாது. தண்ணீர் மோட்டார் சத்தம் சரியில்லையே என்று அந்த நேரம் பார்த்து வந்த மாமா, போனில் விழாதபடி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

ஒவ்வொருத்தியாகக் கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கினார்கள். பாதியிலே விழுந்து புரண்டவர்களும் உண்டு. எங்கள் ஆள் கடுகு மாதிரி மேலே தெரிந்தாள், பிறகு பெரிதாகிக்கொண்டே வந்தாள். போன் ஆடியது.

"விழாம வந்துட்டா, விழாம வந்துட்டா" என்று சித்தி அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். எனக்கு எண்தான் வேண்டும். முப்பத்தெட்டு. அதற்கு என்ன பதக்கம் தருவார்கள் என்று கேட்டேன். போனுக்குள் எட்டிப் பார்த்த சித்தப்பா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். திரும்பிப் பார்த்தால் வாசலில் மாமா இல்லை.

சீருடையை மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். வேன் வருவதற்குள் பேனரைக் கழற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன். எங்கள் வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தெட்டாம் ரேங்க் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மாமா ஏற்கெனவே ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார். "எதுக்குட்டி கழட்டணும்? ஒரு வரிதான தப்பு, அத மாத்திருவோம்" என்றார். துண்டு பிளக்ஸ் ஒன்றில் புதிதாக அடித்து வைத்திருந்ததை 'தங்கம் வென்று' என்பதன்மேல் ஒட்டினார். இப்போது அங்கே 'முப்பத்தெட்டாம் இடம் பிடித்து' என்று இருந்தது. ஒட்டிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று திருப்தியாகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வேன் வந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

சாயங்காலம் அம்மாவின் போனோடு போய், பேனரைப் படம் எடுத்துச் சித்திக்கு அனுப்பினேன். மாமா செய்திருக்கும் அநியாயத்தைப் பாருங்கள் என்று குரல் பதிவும் ஒன்று அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் வீடியோவில் கூப்பிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள். நாத்தனாரின் முப்பத்தெட்டாம் இடத்தை ஊரே படிக்கும்படி ஒட்டினால் யாருக்குத்தான் அழுகை வராது? எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அழாதீங்க சித்தி. அடுத்த ஒலிம்பிக்ல ஜெயிச்சிரலாம்" என்றேன்.

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. "அண்ணன் எங்களுக்கு மாலை போட்டிருக்காவளே" என்றாள். பிறகு, "போன அண்ணன்ட்ட குடு" என்றாள்.

கொடுத்தேன். மாமா வாங்கிக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் பேனர் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"படம் தெளிவா இல்லட்டி. மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா. நேர்ல நிறுத்தி நல்லதா ஒண்ணு எடுப்போம்."

அந்தப் பக்கம் சித்தி சரி என்றாள். மாமா மூக்கை உறிஞ்சினார். பிறகு டிக்கெட், லீவு, எந்த மாசம் வெயில் குறைவு என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடல் தாண்டிப் போய், அத்தனை பெரிய மலையிலிருந்து விழாமல் இறங்கி வந்தவளைப் பற்றி அண்ணனும் தங்கையும் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவே இல்லை. இவர்களுக்கெல்லாம் விளையாட்டின் அருமை தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.